வாதியார் வீட்டுச் சுவரும் முன் அனுமதிப் பிரிவும்

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது எது என்று கேட்டால் சக்கரம் என்பார் சிலர். மின்சாரம் என்பார் சிலர். பாவம், இரு தரப்பாரும் அந்த ஊர் நீதிமன்றத்தின் முன் அனுமதிப் பிரிவைப் பார்த்ததில்லை.

நீதிமன்றத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது பழைய தத்துவம். திறந்திருக்கும் கதவு வழியாக எல்லோரும் உள்ளே வந்துவிடுகிறார்கள் என்பது புதிய அனுபவம். இரண்டையும் சமாதானம் செய்து, கதவைத் திறந்தபடியே வைத்து, வாசலை அடைத்து ஒரு மேஜையைப் போட்டு, 'உள்ளே வரலாமா' என்று வெளியிலிருந்தே எழுதிக் கேட்கச் சொன்ன மேதைமைக்குத்தான் முன் அனுமதிப் பிரிவு என்று பெயர்.

இப்பேர்ப்பட்ட பிரிவு பிறக்கக் காரணமாக இருந்தவர் ஒரே ஒரு மனிதர். ஓய்வு பெறும்வரை அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஓய்வு கொடுத்து அனுப்பும்போது, மற்ற பிடித்தங்களோடு ஒரு மெய்யெழுத்தையும் பிடித்துக்கொண்டார்கள். வாத்தியாரிலிருந்து 'த்' போய் வாதியார் ஆனார். மெய் குறைந்த நாளிலிருந்துதான் அவருக்கு வழக்குப் போடுவது வழக்கமாயிற்று என்று அவருடைய மைத்துனர் சொல்வதுண்டு. அப்படிச் சொன்னதற்காக மைத்துனர்மேலும் ஒரு வழக்கு இருந்தது.

குடை எடுத்துப்போன நாளில் மழை பெய்யாததற்காக வானிலை நிலையத்தின்மேல் ஒன்று. சட்டைப் பையைச் சற்று ஒதுக்கித் தைத்த தையல்காரர்மேல் ஒன்று. படுக்கையறைக்குள் வெளிச்சம் அடித்த தெருவிளக்கை எடுக்கச் சொல்லி நகராட்சிமேல் ஒன்று. எடுத்த பிறகு இருட்டில் கால் இடறியதற்காக அதே நகராட்சிமேல் இன்னொன்று. எல்லாம் தள்ளுபடி ஆயின. துணிக்கடையில் தள்ளுபடி என்றால் ஜனங்கள் சந்தோஷமாக வரிசையில் நிற்பதில்லையா? அதே உற்சாகத்தோடு வாதியாரும் மறுநாள் காலையில் வரிசையில் நின்றார்.

அவர் வீடு நீதிமன்றத்தின் பின்புறச் சந்தில் இருந்தது. வாசல் சந்தைப் பார்த்தது. சமையலறைச் சுவர் நீதிமன்றத்தின் காலி மனையைப் பார்த்தது.

"மத்தவங்க வீட்டுக்குப் பின்னாடி கடை இருக்கும், ஆஸ்பத்திரி இருக்கும். நமக்குக் கோர்ட்டு. பக்கத்துல இருக்கேன்னு இவருக்குக் கை அரிக்குது" என்பார் அவர் மனைவி. ஊரார் அந்த அம்மாளை வாதியாரம்மா என்று அழைத்தார்கள்.

நீதிமன்றமும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. கடைசியில், தன் வாதத்தின் நடுவே கொட்டாவி விட்டதாக ஒரு நீதிபதியின்மேலேயே வாதியார் வழக்குப் போட்டார். அதை விசாரித்த நீதிபதிக்கும் நடுவில் கொட்டாவி வந்தது. அவரையும் இரண்டாம் பிரதிவாதியாகச் சேர்க்கச் சொல்லி, வாதியார் இருந்த இடத்திலேயே மனு எழுதினார். அன்று மாலையே தீர்ப்பு வந்துவிட்டது. இவர் ஒரு 'தொல்லை வழக்காளர்'. இனி இவர் யார்மேல் வழக்குப் போடுவதானாலும் முதலில் நீதிமன்றத்தின் முன் அனுமதியைப் பெற வேண்டும்.

செய்தி கேட்டு வாதியாரம்மா கடவுளுக்கு நன்றி சொன்னார். அடுத்த நாளிலிருந்து கணவர் முழு நேரமும் வீட்டிலேயே இருந்தார். துவைத்த துணியைச் சரியான கோணத்தில் உலர்த்தவில்லை என்றார். பாலைக் காய்ச்சுவதில் நடைமுறைக் கோளாறு இருக்கிறது என்றார். வாரம் முடிவதற்குள் வாதியாரம்மா சொன்னார்:

"ஏங்க, அந்தத் தீர்ப்பை இன்னொரு தடவை நல்லாப் படிச்சுப் பாருங்களேன். எங்கேயாவது ஒரு சந்து இருக்கும்."

இருந்தது. வழக்குப் போடத்தான் அனுமதி வேண்டும். அனுமதி கேட்க அனுமதி வேண்டியதில்லை. அதற்குக் கட்டணமும் கிடையாது. அடுத்த மாதத்துக்குள் அவர் கொடுத்த அனுமதி மனுக்களைத் தூக்கிக்கொண்டு போகத் தனி ஆள் வைக்க வேண்டியதாயிற்று. இப்படித்தான், உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறையில், முன் அனுமதிப் பிரிவு அவதரித்தது.

அதற்கு ஒரு அனுமதி நீதிபதி வந்தார். ஒரு எழுத்தர் வந்தார். 'மறுக்கப்படுகிறது' என்று ஒரு ரப்பர் முத்திரை வந்தது. 'அனுமதிக்கப்படுகிறது' என்ற முத்திரைக்கும் ஆர்டர் கொடுக்க வேண்டுமா என்று எழுத்தர் கேட்டதற்கு, வீண் செலவு வேண்டாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. பொதுப் பணத்தில் அவ்வளவு அக்கறை.

நடுவில் வாதியார் ஒரு தந்திரம் செய்து பார்த்தார். தடை தனக்குத்தானே, தன் வீட்டுப் பூனைக்கு இல்லையே என்று, மீன் கடைக்காரர்மேல் பூனையின் பெயரில் ஒரு வழக்குத் தாக்கல் செய்தார். நீதிமன்றம் ஏமாறவில்லை. 'மேற்படி விலாசத்தில் வசிக்கும், வசிக்கப்போகும், அவ்வப்போது வந்துபோகும் எந்த ஜீவனும்' முன் அனுமதியின்றி வழக்குப் போடலாகாது என்று ஆணையை விரிவுபடுத்தியது. பூனை அதற்கப்புறம் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டது.

ஒரு தடவை வாதியாருக்குக் காய்ச்சல். படுத்துவிட்டார். பிரிவு எழுத்தர் கையில் ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், போன வாரம் ஒண்ணும் வரலை. இந்த வாரமும் வரலை. மேல இருக்கிறவங்க வந்து பார்த்தா பிரிவுக்கு வேலையே இல்லைன்னு மூடிடுவாங்க. எனக்கு ரெண்டு பொண்ணு சார்."

"எழுந்து உட்கார முடியலையே."

"நீங்க படுத்துக்கிட்டே சொல்லுங்க, நான் எழுதிக்கறேன். டாக்டர்மேல ஏதாச்சும்?"

"நல்ல மனுஷர். சீக்கிரம் வந்துட்டார்."

"சீக்கிரம் வந்து தூக்கத்தைக் கெடுத்தார்னு போடலாமா?"

போட்டார்கள். எழுத்தரே அதை எழுதி, எழுத்தரே பெற்று, எழுத்தரே முத்திரை குத்தினார். ஒரு பிரிவு மக்களைத் தேடி வீட்டுக்கே வருவதென்றால் சாதாரணமா!

வருஷங்கள் ஓடின. நூற்றுக்கு நூறு மறுப்பு என்ற சாதனை அசையாமல் நின்றது. வேறு எந்தப் பிரிவிலும் தேக்கம் குறையவில்லை. இங்கே மட்டும் காலையில் வந்த மனு மத்தியானச் சாப்பாட்டுக்குள் தீர்ந்தது. 'தொல்லை மேலாண்மை' பற்றிக் கருத்தரங்குகள் நடந்தன. வெளியூர் நீதிபதிகள் வந்து பார்த்து வியந்தார்கள். இவ்வளவு பெருமையுள்ள பிரிவு உடைந்த நாற்காலி அறையில் இருப்பதா என்று கேள்வி எழுந்தது. பின்புறக் காலி மனையில் தனிக் கட்டடம் கட்டுவதென்று தீர்மானம் ஆயிற்று.

அஸ்திவாரக் குழி தோண்ட ராட்சத இயந்திரம் ஒன்று வந்தது. தோண்டத் தோண்ட வாதியார் வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியில் தாமாகவே பேசிக்கொண்டன. சமையலறைச் சுவரில் ஒரு முடி அளவு கீறல் விழுந்தது. பிறகு விரல் நுழைந்தது. வாதியார் இயந்திரத்தின்மேல் வழக்குப் போட அனுமதி கேட்டார். மறுக்கப்பட்டது. அவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுக்கப்படுவதற்காகக் கேட்பது அவருக்கும் பழகிவிட்டிருந்தது.

ஒரு காலையில், வாதியாரம்மா அலமாரியின் மேல்தட்டிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுக்கக் கையை உயர்த்தியபோது, சுவர் அப்படியே உள்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

சத்தம் கேட்டு வாதியார் ஓடி வந்தார். புழுதி அடங்கியபோது, சுவர் இருந்த இடத்தில் வானமும் இயந்திரமும் தெரிந்தன. செங்கல்களுக்கு நடுவே மனைவி உட்கார்ந்திருந்தார். ஒரு கை, கை மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. இன்னொரு கையில் சர்க்கரை டப்பா இருந்தது.

"கொட்டலைங்க" என்றார் வாதியாரம்மா. அப்புறம்தான் மயங்கினார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில், பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தபோது வாதியாருக்கு ஒரு புதிய அனுபவம் ஏற்பட்டது. யார்மேலும் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. கையை இரண்டு இடத்தில் சேர்த்துக் கட்டி மனைவியை வெளியே கொண்டுவந்தபோது, கிட்டே போய், "வலிக்குதா?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவியைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. வாதியாரம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு தனக்குத்தான் சரியில்லையா, அவருக்கா என்று சந்தேகம்.

மறுநாள் வாதியார் கட்டட எஞ்சினியரைப் போய்ப் பார்த்தார். எஞ்சினியர் தலையில் மஞ்சள் தொப்பியோடு, விழுந்த சுவரை மரியாதையாகப் பார்வையிட்டார்.

"எங்க இயந்திரம்தான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க? சுவருக்கு வயசாயிடுச்சு."

"நாப்பது வருஷம் நின்னுச்சு. நீங்க தோண்டின வாரத்துலதான் வயசாச்சா?"

"என்கிட்ட வாதாடி என்ன சார் பிரயோஜனம்? உங்களுக்கு நியாயம் வேணும்னா கோர்ட்டுக்குப் போங்க" என்று எஞ்சினியர், கோர்ட்டுக்குள் நின்றுகொண்டு சொன்னார்.

சரி, கைக்காசைப் போட்டுச் சுவரை நாமே எழுப்பிவிடலாம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டால், நீதிமன்றத்தின் கட்டடக் குழு ஒரு பலகையை நட்டது. 'நீதிமன்ற எல்லையை ஒட்டி முன் அனுமதியின்றி எதுவும் கட்டக் கூடாது.' கொத்தனார் பலகையைப் படித்துவிட்டுக் கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டார். சுவர் இருந்த இடத்தில் ஒரு நீலத் தார்ப்பாயைத் தொங்கவிட்டார் வாதியார். காற்றடித்தால் அது உள்ளே வந்து அடுப்பை விசாரித்துவிட்டுப் போயிற்று.

அன்று இரவு உட்கார்ந்து ஒரு மனு எழுதினார். வழக்கமாக அவர் மனு உலகம் தோன்றிய கதையிலிருந்து ஆரம்பிக்கும். இது ஒரே பக்கம். 'நீங்கள் தோண்டினீர்கள். எங்கள் சுவர் விழுந்தது. என் மனைவியின் கை முறிந்தது. வழக்குப் போட அனுமதி வேண்டும்.' படித்துப் பார்த்தார். இதில் சேர்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

எழுத்தர் அதைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார்.

"மீதி எங்க சார்?"

"அவ்வளவுதான்."

"என்ன சார் இது, விளையாட்டு! நேரா விஷயத்துக்கு வந்துட்டீங்க? ஐயா பார்த்தா என்ன நினைப்பாரு?" எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "உண்மையாவே விழுந்துடுச்சா?"

"உண்மையாவே விழுந்துடுச்சு."

எழுத்தரின் முகம் வெளுத்தது. இத்தனை வருஷ அனுபவத்தில் உண்மையான மனு ஒன்றை எந்தக் கோப்பில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"விதிப்படி, இதுக்கு முன்னாடி போட்ட ஒவ்வொரு வழக்கையும் எழுதி, அதுல இருந்து இது எப்படி வேறன்னு விளக்கம் சேர்க்கணும் சார்."

"வானிலை நிலையத்துக்கும் என் பொண்டாட்டி கைக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லைன்னுதான் சார் எழுதணும். தனித்தனியா."

எழுதினார். தையல்காரரிலிருந்து பூனை வரைக்கும், இவற்றுக்கும் தன் மனைவியின் கைக்கும் சம்பந்தம் இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதினார். மனைவி முறியாத கையில் ஊதுகுழலைப் பிடித்து, காற்றில் அணைந்து அணைந்துபோன அடுப்பை ஊதினார். வாதியார் எழுத எழுத, பழைய வழக்குகள் ஒவ்வொன்றும் முன்னால் வந்து பல்லைக் காட்டிவிட்டுப் போயின. அவற்றில் ஒன்றிலாவது தான் சொன்னது சரியாக இருந்திருக்கக் கூடாதா என்று முதல் தடவையாக நினைத்தார்.

விளக்கம் முடிவதற்குள் கட்டடமே முடிந்துவிட்டது. நீதிமன்ற வேலை எப்போதும் தாமதமாகும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு வாதியாருக்கே முதல் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். தலைமை நீதிபதி மேடையில் உணர்ச்சிவசப்பட்டார்.

"இவர் இல்லையேல் இந்தப் பிரிவு இல்லை. இந்தப் பிரிவு இல்லையேல் இந்தக் கட்டடம் இல்லை."

கைதட்டல் அடங்குவதற்குள் ஒரு பூங்கொத்தைக் கொடுத்தார்கள். வாதியார் எழுந்து, "இந்தக் கட்டடம் இல்லைன்னா என் வீட்டுச் சுவர் இருந்திருக்கும். அதைப் பத்தி ஒரு கேள்வி கேட்கணும்" என்றார்.

"கேள்விக்கு முன் அனுமதி வாங்கினாரா?" என்று தலைமை நீதிபதி பக்கத்தில் குனிந்து கேட்டார். இல்லை என்றார்கள். சிற்றுண்டி பரிமாறப்பட்டது.

ஒரு வழியாக மனு விசாரணைக்கு வந்தது. புது மண்டபம். புது மேஜை. வார்னிஷ் வாசனை மூக்கைத் துளைத்தது. அனுமதி நீதிபதி கெட்டவர் அல்ல. மேலிருந்து எது வந்தாலும் அதைக் கீழே சிந்தாமல் பிடித்துக்கொள்ளும் சுபாவம் உள்ளவர். புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

ஜன்னல் திறந்தது. காற்று புகுந்தது. எதிரே தொங்கிய நீலத் தார்ப்பாய் எழும்பி, ஆணியை விட்டுக் கழன்று போயிற்று. நீதிபதி ஆசனத்திலிருந்து பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் வாதியார் வீட்டுச் சமையலறை. கையில் கட்டோடு ஒரு அம்மாள் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்.

நீதிபதி பார்வையை மனுவுக்கு இழுத்துக்கொண்டார். "சுவர் விழுந்தது என்கிறீர். அதற்கு என்ன ஆதாரம்?"

"கனம் கோர்ட்டார் அவர்களே, தலையை நிமிர்த்திப் பாருங்க."

"நீதிமன்றம் தனக்கு முன்னால் இருக்கும் ஆவணங்களை மட்டுமே பார்க்கும். ஜன்னலைப் பார்க்காது."

ஜன்னலுக்கு எதிரே அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஐயா, அவர் சொல்றது இந்த ஒரு தடவை உண்மைதாங்க."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. நீதிபதி மட்டும் திரும்பவில்லை. "சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் நீதிமன்றத்துக்குள் வந்து பேச வேண்டும். இப்படி வெளியிலிருந்து குறுக்கிடக் கூடாது."

"நான் எங்க வெளியில இருக்கேன்? என் வீட்டு அடுப்படியில நிக்கிறேன். நீங்கதான் என் அடுப்படிக்குள்ள கோர்ட்டு நடத்துறீங்க."

யாரோ சிரித்தார்கள். எழுத்தர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். வெங்காய வாசனை உள்ளேயே மாட்டிக்கொண்டது.

தீர்ப்பை நீதிபதி மறுநாள் வாசித்தார். சட்ட உலகம் அதை இன்றும் போற்றுகிறது. 'மனுதாரர் கூறுவது முழுவதும் உண்மை. சுவர் விழுந்தது; கை முறிந்தது; காரணம் இந்தக் கட்டடமே. ஆனால் தொல்லை வழக்கு என்றால் என்ன என்பதை ஆராய வேண்டியுள்ளது. மனுதாரரின் பழைய வழக்குகள் அனைத்தும் பொய்யானவை. ஆகவே அவை யாருக்கும் எந்தத் தொல்லையும் தரவில்லை. முத்திரை குத்தியதும் முடிந்தன. இந்த வழக்கு உண்மையானது. இதை அனுமதித்தால் எஞ்சினியருக்குத் தொல்லை, கட்டடக் குழுவுக்குத் தொல்லை, இந்த நீதிமன்றத்துக்கே தொல்லை. எனவே மனுதாரர் இதுவரை போட்டவற்றுள் உண்மையான தொல்லை வழக்கு இதுவே. மறுக்கப்படுகிறது.'

வாதியார் வீட்டுக்கு வந்து, சமையலறையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். மனைவி ஒரு கையால் வெங்காயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, கத்தியை வாங்கிக்கொண்டார்.

"வேற எவனாவது உனக்குப் புருஷனா இருந்திருந்தா, இந்நேரம் உனக்கு நியாயம் கிடைச்சிருக்கும்."

"வேற எவனாவது இருந்தா கோர்ட்டுக்குப் பின்னாடி வீடு வாங்கியிருக்க மாட்டான்."

"நான் விளையாட்டுக்குச் சொல்லலை. உன் பேர்ல போடலாம்னு பார்த்தா அதுக்கும் வழியில்லை. எந்த ஜீவனும்னு எழுதிட்டான். நான்தான் எழுத வெச்சேன்."

வாதியாரம்மா இன்னொரு வெங்காயத்தை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

"இன்னும் பொடிசா நறுக்குங்க" என்றார்.

இதற்குள் ஒரு விஷயம் நடந்திருந்தது. கட்டடம் பெரிதாகிவிட்டது, அதை நிரப்ப ஒரு வாதியார் போதவில்லை. நீதிமன்றம் தாராளம் காட்டியது. ஒரே விஷயத்துக்காக இரண்டாம் தடவை வந்தவர்களையெல்லாம் தொல்லை வழக்காளர் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. தன் முடிதிருத்தும் கடையை ஏன் பூட்டினார்கள் என்று இரண்டு தடவை கேட்ட ஒருவர் வந்தார். இறந்துபோன கணவனின் ஓய்வூதியம் எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு பெண் வந்தாள். எல்லோரும் புது மண்டபத்தில் நின்று அனுமதி கேட்டார்கள். எல்லோருக்கும் முத்திரை குத்தப்பட்டது.

அவர்கள் சொல்வதெல்லாம் சமையலறைக்குக் கேட்டது. வாதியாரம்மா அடுப்புப் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். காது வேறு இருந்தது.

"அட, அந்தப் பொண்ணு சரியாத்தானே சொல்லுது! அதுக்கு ஏன் இல்லைங்கறீங்க?" என்றார் ஒரு நாள், தன் பாட்டுக்கு.

நீதிபதி முத்திரையைத் தூக்கியவர் தூக்கியபடி இருந்தார். அப்புறம் குத்தினார். ஆனால் அந்தச் சத்தம் வழக்கம்போல் இல்லை.

இது தினசரி ஆயிற்று. மறுக்கப்பட்டவர்கள் சந்து வழியாகச் சுற்றி வந்து சமையலறையில் உட்கார்ந்தார்கள். வாதியாரம்மா தண்ணீர் கொடுத்து, "முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார். முழுவதும் கேட்டார். யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் போகும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்கள். வாதியார் ஓரமாக உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினார். குறுக்கே பேசவில்லை. மற்றவர்களின் நியாயமான வழக்குகளைக் கேட்கக் கேட்க அவருக்குத் தன் பழைய வழக்குகளை நினைத்து வெட்கமாக இருந்தது.

நீதிபதிக்குத்தான் தூக்கம் போயிற்று. ஒருவருக்கு மறுப்புச் சொல்ல வாயைத் திறந்தால், கண் தானாக ஜன்னல் பக்கம் போனது. சாத்தச் சொன்னார், குரல் கேட்டது. கனமான திரை போட்டார், வாசனை வந்தது. கடைசியில் எழுத்தரைக் கூப்பிட்டார்.

"அந்த அம்மாள்மேல் அவமதிப்பு வழக்குப் போட்டால் என்ன?"

எழுத்தர் தலையைச் சொறிந்தார். "போடலாங்க ஐயா. ஆனா, நாம வழக்குப் போட்டா அந்தம்மா பிரதிவாதி ஆயிடுவாங்க. பதில் சொல்றதுக்கு முன் அனுமதி தேவையில்லைங்க. சுவர்ல இருந்து ஆரம்பிப்பாங்க."

"சுவரிலிருந்தா?"

"கை வரைக்கும் சொல்லுவாங்க. முழுசா எழுதியும் வைக்கணும் ஐயா, விதிப்படி."

நீதிபதி கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கே கட்டடக் குழு அவசரமாகக் கூடியது. மறுநாள் காலையில் செங்கல் வந்தது, சிமெண்ட் வந்தது, பையில் கரண்டியோடு அதே கொத்தனார் வந்தார். வாதியாரிடம் ஆணையின் நகலைக் கொடுத்தார்கள். 'நீதிமன்றத்தின் நிம்மதியைக் கருதி, ஒலித் தடுப்புச் சுவர் ஒன்று உடனடியாக எழுப்பப்படும்.'

வாதியார் அதை இரண்டு தடவை படித்தார்.

"இதுல நம்ம சுவர்னு எங்கயும் இல்லை. விழுந்துச்சுன்னு இல்லை. உன் கையைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை! ஒலித் தடுப்பாமே? இதை இப்படியே விடறதா? இதுமேல ஒரு அனுமதி மனு..."

அவர் கை பேனாவைத் தேடியது. வாதியாரம்மா அவரைப் பார்த்தார். கட்டுப் பிரித்த கையை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார். அது இன்னும் முழுவதும் மடங்கவில்லை.

"மனு எழுதினாக் கட்டறதை நிறுத்திடுவாங்க" என்றார்.

வாதியார் பேனாவைக் கீழே வைத்தார். கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுக்கப் போனார்.

சுவர் வேகமாக எழுந்தது. மாலைக்குள் ஒரே ஒரு செங்கல் அளவு இடைவெளிதான் பாக்கி. அந்தப் பக்கம் நீதிபதி ஜன்னலருகே வந்து நின்று, வேலை முடியும் தருணத்தைத் தம் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். இடைவெளி வழியாக அவர் முகமும் வாதியாரம்மாவின் முகமும் நேருக்கு நேர் சந்தித்தன.

"ஐயா, ஒண்ணு கேட்கலாங்களா?" என்றார் வாதியாரம்மா.

வேலை முடியப்போகும் சந்தோஷத்தில் நீதிபதி, பிரிவின் வரலாற்றிலேயே முதல் தடவையாக, "கேளும்மா" என்று அனுமதி கொடுத்துவிட்டார்.

"எங்க மனு உண்மைன்னு நீங்களே எழுதினீங்க. அன்னைக்குக் கட்டலை. நாங்க உங்களுக்குத் தொல்லை ஆனதும் ஓடிவந்து கட்டறீங்க. அப்போ, இங்க வர்றவங்க எல்லாம் தொல்லை குடுத்தாத்தான் நியாயம்னு அவங்களுக்குக் கத்துக் குடுத்தது யாருங்க?"

நீதிபதி கொத்தனாரைப் பார்த்து, "என்னப்பா வேடிக்கை, சீக்கிரம் வை" என்றார்.

கடைசிச் செங்கல் வைக்கப்பட்டது. நீதி நிலைநாட்டப்பட்டது. நீதிமன்றத்தின் பக்கம் மட்டும் அழகாகப் பூசி மெழுகினார்கள். அந்த வேலையில் அவர்களுக்கு நல்ல அனுபவம்.